லெந்தில் நான் விட்டது

எங்கள் கோயில் கல் கட்டடம். மார்ச் மாதத்தில் அதைச் சூடுபண்ணுவது லேசுப்பட்ட காரியமில்லை. ஞாயிறு பத்து மணி ஆராதனையில் ஜனங்கள் பல் கிட்டாமல் பாட வேண்டுமென்றால், சனிக்கிழமை முற்பகலிலேயே ஹீட்டரைப் போட்டுவிட வேண்டும். போட்டுவிட்டுப் போய்விடவும் முடியாது. பழைய ஹீட்டர்; அரை மணிக்கொரு தடவை அணைந்துபோகும். பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். சனிக்கிழமை பதினொன்றிலிருந்து மூன்றுவரை எங்கே இருந்தாய் என்று கேட்டீர்கள். அங்கேதான் இருந்தேன். அதில் மறைக்க ஒன்றுமில்லை.

மற்றதையும் சொல்கிறேன். நீங்கள் எழுதிக்கொள்ளலாம். நிதானமாகச் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள், களைப்பாக இருக்கிறது.

என் பெயர் ஹில்கே. வயது அறுபத்தொன்று. கோயில்பிள்ளை வேலை. மணி அடிப்பேன், மெழுகுவர்த்தி ஏற்றுவேன், பாட்டு எண்களைப் பலகையில் மாட்டுவேன், ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலமான லெந்து பிறந்தால் பீடத்துக்கு ஊதாத் துணி விரிப்பேன். சபைப் பதிவேட்டில் இருநூறு பேர் இருக்கிறார்கள். ஞாயிறன்று வருகிறவர்கள் ஏழு பேர். சக்கர நாற்காலியில் நான் தள்ளிக்கொண்டு வரும் என் அக்கா கேஷேயையும் சேர்த்தால் எட்டு. போதகர் இன்சாவுக்கு எங்களோடு மூன்று சபை. சின்னப் பெண். காரிலேயே அங்கியை மாட்டிக்கொண்டு, ஒரு கையால் பொத்தானைப் போட்டபடி ஓடி வருவார்.

அக்கா அந்தக் கோயிலில் முப்பத்தெட்டு வருஷம் ஆர்கன் வாசித்தவள். கடலோர அணைக்கரைக்கு இந்தப் பக்கம் அவளிடம் பாட்டுப் படிக்காதவர்கள் குறைவு. நான் படிக்கவில்லை. எனக்குச் சுருதி நிற்காது என்று ஏழு வயதிலேயே சொல்லிவிட்டாள். உண்மைதான், நிற்காது.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போயிற்று. பாட்டு மட்டும் போகவில்லை. பேசுவதற்கு மூளையில் ஓர் இடம், பாடுவதற்கு வேறோர் இடம், இப்படி நடப்பது உண்டு என்று டாக்டர் சொன்னார். ‘தண்ணி’ என்று ஒரு சொல் அவளுக்குச் சொல்ல வராது. ஆனால் ஞானப்பாட்டு என்றால் எட்டுக் கவியும் எழுத்துப் பிசகாமல் வரும்.

நான் அப்போது பக்கத்து டவுன் நோர்டனில் இருந்தேன். துணிக்கடையில் வேலை, மாடியில் ஓர் அறை, வியாழக்கிழமைதோறும் நீச்சல் குளம். பிரமாதமான வாழ்க்கை இல்லை. சபை மூப்பர் ஹாபோ பேருந்து பிடித்து வந்து, கடை வாசலில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். “வேற யாரும்மா இருக்கா அவளுக்கு?” என்றார். அவ்வளவுதான். வந்துவிட்டேன். கோயில்பிள்ளை வீடு காலியாக இருந்தது, வேலையும் கொடுத்தார்கள்.

அக்கா பாட்டாலேயே கூப்பிடுவாள். காலைத் துதியைத் தொடங்கினால் தூக்கி உட்கார வைக்க வேண்டும். அறுப்புப் பண்டிகைப் பாட்டு என்றால் பசி. ஞானஸ்நானப் பாட்டு என்றால் துணி நனைந்துவிட்டது. சிலுவைப் பாட்டில் ‘தாகமாயிருக்கிறேன்’ என்று வரும் கவி, தண்ணீருக்கு. எதற்கு எது என்று எங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருநாள் எண்ணிப் பார்த்தேன். அறுபத்துமூன்று தடவை கூப்பிட்டாள். அது அப்படி ஒன்றும் விசேஷமான நாள் இல்லை. கையில் ரொட்டித் துண்டோடு ஓடியிருக்கிறேன், தலையில் சோப்பு நுரையோடு ஓடியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அதே குரலைக் கேட்டுவிட்டு எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அப்புறம் தேநீர் ஊற்றும்போது என் கையைத் தட்டிக்கொடுப்பார்கள். “உன்னை மாதிரி தங்கச்சி கிடைக்கக் குடுத்து வச்சிருக்கணும், ஹில்கே.”

அவர்கள் நல்ல மனிதர்கள். யாரையும் இதில் இழுக்க வேண்டாம்.

லெந்தின் முதல் ஞாயிறு போதகர் பிரசங்கம் பண்ணினார். “சாக்லேட்டை விடுறது பெரிய காரியமில்ல. கூப்பிட்ட உடனே எழுந்து ஓடுறீங்களே, உங்களைக் கட்டிப் போட்டிருக்கிற ஒண்ணு, அதை விட்டுப் பாருங்க. நாப்பது நாள்தான்” என்றார். கைபேசியைத்தான் சொன்னார். அது எனக்கு அப்போதே தெரியும். போதகர்மேல் பழி போடுகிறேன் என்று எழுதிவிடாதீர்கள்.

ஆராதனை முடிந்து பின் அறையில் தேநீர். கோப்பையில் கல்கண்டு போட்டு, தேநீர் ஊற்றி, மேலே பாலாடை விட்டு வைத்தேன். யார் யார் எதை விடுகிறார்கள் என்று பேச்சு வந்தது. விதவை ஆண்ட்யே, தொலைக்காட்சித் தொடரை விட்டுவிட்டதாகச் சொன்னாள். ஹாபோ தட்டில் இரண்டாவது துண்டு கேக்கை வைத்துக்கொண்டே, “நான் கேக்கை விட்டுட்டேன்” என்றார்.

“அப்ப வாயில இருக்கிறது என்ன, உருளைக்கிழங்கா?” என்றாள் ஆண்ட்யே.

“ஞாயித்துக்கிழமை சேராது தாயே. நாப்பது நாளையும் எண்ணிப் பாரு, ஞாயிறைத் தள்ளித்தான் எண்ணியிருக்காங்க. கர்த்தரே லீவு குடுத்திருக்கார், நீ யாரு கேக்குறதுக்கு?”

எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். “ஹில்கே, நீ?” என்று ஹாபோ கேட்டார். “இன்னும் யோசிக்கல” என்றேன்.

திங்கட்கிழமை காலையில் யோசித்தேன். அக்காவைக் குளிப்பாட்ட தினமும் ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். அவளுடைய அலுவலகத்துக்குப் போன் பண்ணி, சொந்தக்காரர்கள் வந்து தங்குகிறார்கள், ஈஸ்டர்வரை வர வேண்டாம் என்று சொன்னேன். அது பொய். அதை ஒப்புக்கொள்கிறேன்.

முதல் வாரம் கூப்பிட்டபோது போகவில்லை. நானே வைத்துக்கொண்ட மூன்று வேளைக்குப் போனேன். கஷ்டமாகத்தான் இருந்தது. கால் தானாக எழுந்தது. மேசைக்காலை முழங்காலால் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான்காம் நாள் பழகிவிட்டது. இரண்டாவது வாரம் இரண்டு வேளை. மூன்றாவது வாரத்திலிருந்து காலையில் மட்டும். மாத்திரை எங்கே போயிற்று என்று டாக்டர் கேட்டாராம். அது மூன்று வேளை மாத்திரை. நான் போகிற வேளைக்குத்தானே கொடுக்க முடியும். மிச்சத்தை நான் தூக்கிப் போடவில்லை. அலமாரியில் அப்படியே இருக்கிறது, நீங்களே பார்த்திருப்பீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு குறையும் வைக்கவில்லை. வெந்நீரில் துடைத்து, தலை பின்னி, நீலக் கோட்டு போட்டுவிட்டு, புண் இருந்த இடத்தில் பஞ்சு வைத்து உட்கார வைத்தேன். மூன்று வேளையும் சூப், மூன்று வேளையும் மாத்திரை, கேட்ட போதெல்லாம் தண்ணீர். ஞாயிறன்று அவள் என் கையை இடது கையால் பிடித்துக்கொண்டு விடமாட்டாள். எங்களுக்குள் அவ்வளவு நெருக்கம் முன்னால் இருந்ததில்லை.

வியாழக்கிழமை பேருந்து ஏறி நோர்டனுக்குப் போய் நீந்திவிட்டு வந்தேன். ஒன்பது வருஷத்துக்கு அப்புறம். முதல் நாள் நான்கு சுற்றுக்குமேல் மூச்சு வாங்கியது. நான்காவது வியாழன் இருபது சுற்று. தலை தண்ணீருக்குள் இருக்கும்போது எதுவும் காதில் விழாது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

மூன்றாவது வாரம் புதன்கிழமை ஹாபோ வாசலில் வந்து நின்றார். ஒரு டஜன் முட்டை கொண்டுவந்திருந்தார்.

“கேஷே ரொம்ப இளைச்சுட்டாளே. கன்னம் ஒட்டிப்போச்சு.”

“லெந்து நாளில்லையா. அவளும் கொஞ்சம் குறைச்சுக்கிட்டா” என்றேன்.

“அவ அந்தக் காலத்துலயே அப்படித்தான். பிடிச்ச பிடி.”

அப்போது உள்ளேயிருந்து குரல் வந்தது. என் குரலும் அவர் குரலும் அவளுக்குக் கேட்டிருக்கும். அறுப்புப் பண்டிகைப் பாட்டு. ஹாபோ தொப்பியை எடுத்துவிட்டார். வாசற்படியில் நின்றபடியே கண்ணை மூடிக்கொண்டு, அடிக்குரலில் அவரும் சேர்ந்து பாடினார். உள்ளே அவள் சத்தத்தை இன்னும் கூட்டினாள். மூன்று கவி பாடினார்கள். முடிந்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “லெந்துல போய் அறுப்புப் பாட்டு பாடுறா பாரு குறும்புக்காரி. நான் உள்ள வந்து தொந்தரவு பண்ணல” என்று சொல்லிவிட்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். அவர் உள்ளே வந்திருந்தால் நான் தடுத்திருக்க மாட்டேன். நன்றாக யோசித்துத்தான் இதைச் சொல்கிறேன்.

ஐந்தாம் ஞாயிறு நடந்ததைப் போதகரே உங்களிடம் சொல்லியிருப்பார். பாவ அறிக்கை முடிந்ததும் கொஞ்ச நேரம் மௌனம் இருக்கும். அவரவர் மனதுக்குள் சொல்லிக்கொள்வதற்கு. அந்த மௌனத்தில் அக்கா தொடங்கினாள். ‘தாகமாயிருக்கிறேன்’ என்று வரும் அதே கவி. சபையில் அவளுக்கு அன்று தாகம் இருந்திருக்க முடியாது. காலையிலேயே இரண்டு டம்ளர் கொடுத்திருந்தேன். ஆனாலும் பாடினாள். முடித்தாள், திரும்பவும் அதையே பாடினாள். பாடிக்கொண்டே ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஆண்ட்யேயைப் பார்த்தாள், ஹாபோவைப் பார்த்தாள், போதகரைப் பார்த்தாள். நான்காவது தடவை குரல் உடைந்துபோயிற்று. இடது கையால் நாற்காலியின் கைப்பிடியை அடித்தாள்.

ஹாபோ அழுதுவிட்டார். ஆண்ட்யே முழங்காலில் நின்றாள்; எங்கள் சபையில் யாரும் அப்படி நிற்பது வழக்கமில்லை. போதகர் பிரசங்கத் தாளை மடித்து வைத்துவிட்டார். “இன்னைக்கு நான் பேச ஒண்ணுமில்ல. சிலுவையில ஆண்டவர் சொன்ன வார்த்தையை கேஷே அம்மாவே நமக்குச் சொல்லிட்டாங்க” என்றார். பிறகு இறங்கி வந்து அவள் நெற்றியில் சிலுவை போட்டார். அக்கா அவர் அங்கியைப் பிடித்துக்கொண்டாள். விரல்களை நான்தான் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டேன்.

வீட்டுக்குப் போகிற வழியில் அவள் பாடவில்லை.  எல்லாரும் இருக்கிற இடத்தில் என்னைப் பற்றி இப்படிச் சொல்லிவிட்டாளே என்று கொஞ்சம் மனத்தாங்கல்தான். புரிந்துகொள்ள அங்கே ஆள் இல்லை என்பது வேறு விஷயம்.

அந்த வாரம் புதன்கிழமை காலைக்குப் பிறகு அவள் அறைக்குள் நான் போகவில்லை. வியாழக்கிழமை நீந்தப் போனேன். வெள்ளிக்கிழமை பித்தளை மெழுகுவர்த்தித் தண்டுகளைத் தேய்த்தேன். சனிக்கிழமை அவள் போய்விட்டாள். ஆராதனைக்கு இடைஞ்சலாக இருக்கும் என்று மறுநாள் குருத்தோலை ஞாயிறு முடியும்வரை யாரிடமும் சொல்லவில்லை. வருகிறதே ஏழு பேர். மணி அடித்தேன், எண்களை மாட்டினேன். அக்காவுக்குச் சளி என்றேன். எங்கள் ஊர் வழக்கப்படி தேநீர் மூன்று கோப்பையும் ஆன பிறகு ஹாபோவிடம் சொன்னேன். அவர்தான் டாக்டரைக் கூட்டி வந்தார். டாக்டர் போர்வையை விலக்கினார். விலக்கியவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உங்களுக்குப் போன் பண்ணினார். ஹாபோ வாசலில் உட்கார்ந்துவிட்டார். “நான் கூடச் சேர்ந்து பாடினேனே, ஹில்கே. நான் கூடச் சேர்ந்து பாடினேனே” என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்காகத்தான் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. அவரிடம் யாராவது பேச வேண்டும்.

நீங்கள் எழுதுகிற தாளில் ‘செய்த குற்றம்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. நான் அவள்மேல் கை வைக்கவில்லை. அதட்டினதுகூட இல்லை. ஆனால் போகாமல் இருந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். முதல் திங்கட்கிழமையே தெரியும். அதனால் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடுகிறேன்.

இன்னொன்றும் கேட்டீர்கள். சனிக்கிழமை அவள் கூப்பிட்டது காதில் விழுந்ததா என்று. விழுந்தது. கோயிலிலிருந்து வீடு இருபது அடிதான். ஹீட்டர் புகை போவதற்காக ஜன்னலைத் திறந்து வைத்திருந்தேன். பதினொன்றேகாலுக்குத் தொடங்கினாள். குரல் தேய்ந்து, காற்று மாதிரிதான் வந்தது, ஆனால் சுருதி விலகவில்லை. காலைத் துதி, அறுப்புப் பாட்டு, சிலுவைப் பாட்டு, அப்புறம் கல்யாணப் பாட்டு, கிறிஸ்துமஸ் பாட்டு. எதற்கு எது என்பதெல்லாம் விட்டுவிட்டாள். தெரிந்ததையெல்லாம் பாடினாள். இரண்டே முக்கால்வரைக்கும். நான் முன் பெஞ்சை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு வரி விடாமல் கேட்டேன். அப்படி உட்கார்ந்து கேட்க எனக்கு ஒருநாளும் வாய்த்ததில்லை.

பிறந்ததிலிருந்து ஊருக்கெல்லாம் பாடினவள், அன்றைக்குத்தான் எனக்கென்று பாடினாள்.