பீரோவுக்குள்ள பதினோரு பந்து

பாப்பா: வாசக்கதவு நல்லாத்தான் இருக்கு அங்கிள். இந்த பீரோதான் திறக்கணும்.

பூட்டுக்காரர்: இல்லம்மா, உங்கப்பா போன்ல சொன்னது வாசக்கதவுப் பூட்டு...

பாப்பா: அப்பாவா? எப்ப சொன்னாரு?

பூட்டுக்காரர்: அது வந்து... மச்சான், எப்படா?

மச்சான்: நேத்து.

பூட்டுக்காரர்: இன்னிக்குக் காலையில.

பாப்பா: சரி, எப்பவோ. இதுக்குச் சாவி இல்ல. முக்கியமானதெல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு.

மச்சான்: மாமா... முக்கியமானதெல்லாமாம்.

பூட்டுக்காரர்: காது கேக்குது, மேல வந்து விழாத. வீட்ல வேற யாரும்மா இருக்கா?

பாப்பா: தம்பி மட்டும். மாடி ஜன்னல்ல நிக்கிறான்.

மச்சான்: அங்க என்ன பண்றான்?

பாப்பா: வேடிக்கை பாக்குறான். அவரு... அப்பா கார் வந்தா விசிலடிப்பான். சீக்கிரம் அங்கிள்!

பூட்டுக்காரர்: டேய், அந்த வளைஞ்ச கம்பிய எடு.

மச்சான்: இப்பத்தான் முதுகு சொறிஞ்சேன்... எங்க வச்சேன்?

பாப்பா: உங்க காலர்லயே தொங்குது.

பூட்டுக்காரர்: உன்னக் கூட்டிட்டு வந்தேன் பாரு, என்னைச் சொல்லணும்.

பாப்பா: அங்கிள், உங்களுக்கு நிஜமாவே பூட்டு வேலை தெரியுமா?

பூட்டுக்காரர்: என்ன கேள்வி கேட்டுட்ட! மார்க்கெட் வாசல்ல பதினெட்டு வருஷம் கடை போட்டவன்மா. நான் தொட்ட பூட்டு மக்கர் பண்ணுச்சுன்னு ஒருத்தர் சொல்லட்டும் பாப்போம்.

பாப்பா: அப்புறம் ஏன் கம்பி வழுக்கி வழுக்கிப் போகுது?

மச்சான்: முதல் தடவைல்ல, அதான்...

பூட்டுக்காரர்: வாய மூடுறியா? மத்தியானம் சாப்பிடலம்மா, வேற ஒண்ணுமில்ல... இரு... வந்துடுச்சு.

பாப்பா: திறந்துட்டீங்க!

மச்சான்: கம்பியக் குடுங்க, பையில போட்டாச்சு. பையத் தட்டுல வச்சுட்டேன் மாமா, அள்ளிப் போ... என்னது இது? பந்து?

பூட்டுக்காரர்: கீழ்த்தட்டப் பாரு.

மச்சான்: அங்கயும் பந்துதான். ஒம்பது, பத்து... பதினோரு பந்து! நகைய எங்க காணோம்?

பாப்பா: என்ன நகை?

பூட்டுக்காரர்: அவன் கிடக்குறான். ஏம்மா, உங்கப்பா என்ன வேலை பாக்குறாரு?

பாப்பா: தள்ளுங்க... சிவப்பு, சிவப்பு... இந்தா இருக்கு! அப்பாடா, போன உயிர் திரும்பி வந்துச்சு. பெரிய பசங்க பந்து அங்கிள். நாளைக்கு மேட்ச். இது கிடைக்கலேன்னா தம்பியத் தோலை உரிச்சிருப்பாங்க. ராத்திரியெல்லாம் அழுதான்.

பூட்டுக்காரர்: அட... சரி விடு, கிடைச்சிடுச்சுல்ல. இரு, கைப்பிடி கொஞ்சம் இறுக்கமா இருக்கு. ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மூடிப் பாத்துடுறேன்.

மச்சான்: இப்ப இதெல்லாம் எதுக்கு மாமா? கிளம்புவோம்!

பூட்டுக்காரர்: திறந்து குடுத்தவன் பூட்டிக் காட்டிட்டுத்தான்டா போகணும். என் கடையில அதான் பழக்கம். இந்தா... கேட்டியா சத்தத்த? எப்படிப் போய் உக்காந்துச்சு பாரு!

மச்சான்: மாமா... பை.

பூட்டுக்காரர்: பைக்கு என்ன?

மச்சான்: பீரோவுக்குள்ள தட்டுல இருக்கு. கம்பி அதுலதான். ஸ்கூட்டர் சாவியும்.

பூட்டுக்காரர்: ஐயையோ, மூடினாலே பூட்டிக்கிற பூட்டாச்சேடா!

பாப்பா: விசில்! அங்கிள், விசில்!

மச்சான்: கார் வாசல் கேட் கிட்ட வந்துடுச்சு மாமா!

பூட்டுக்காரர்: தங்கம், உண்மையச் சொல்லிடுறேன். உங்கப்பா யாருன்னே எனக்குத் தெரியாது. கடையக் காலி பண்ணிட்டாங்க, புத்தி கெட்டுப்போய்த் திருட வந்துட்டோம். ஒரு குண்டூசிகூட எடுக்கல, நீயே பாத்த. பின்பக்கச் சுவரேறி ஓடிடுறோம். அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதம்மா!

பாப்பா: எங்கப்பா ஏழு மணிக்குத்தான் வேலை விட்டு வருவாரு, அதுவும் எங்க வீட்டுக்கு. இது, உள்ள விழுற பந்தையெல்லாம் எடுத்துப் பூட்டி வச்சுக்குவாரே, அந்தப் பந்து புடுங்கி வீடு அங்கிள்! வெளிய தொட்டி மேல ஏறி உள்ள குதிச்சு, திறந்து கிடந்த பின்கதவு வழியா வந்துட்டோம், இந்தப் பக்கம் சுவரு எட்டல. முதல்ல தம்பியத் தூக்கி விடுங்க, அப்புறம் என்னை!