அக்கா பெயருக்கு எதிரே

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் எதிரே பதினெட்டு வருடமாக ஆங்கிலத்தில் மனு எழுதித் தருகிறேன், ஐயா. எழுத்துப்பிழை வராது. அதனால் அதைக் கைத்தவறு என்று சொல்லப்போவதில்லை.

டிசீஸ்டு என்று ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள் உண்டு. காதுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்றுக்கு நோயாளி என்று பொருள், மற்றதற்கு இறந்தவர். அப்பா போன பிறகு வாரிசு மனுவில் பாஞ்சாலை அக்கா பெயருக்கு எதிரே இரண்டாவதை எழுதினேன். அக்காவுக்கு வலிப்பு. வேலூரில் ஒரு காப்பகத்தில் நான்தான் சேர்த்திருந்தேன். நான்கு வருடமாக ஊரில் யாரும் அவளைப் பார்க்கவில்லை. விசாரிக்க வந்த கிராம அதிகாரியும் நம்பினார். கீழ்பென்னாத்தூர் நிலம் என் பெயருக்கு வந்தது.

போன சித்திரையில் காப்பகத்தை மூடினார்கள். அக்கா பஸ் ஏறி வந்துவிட்டாள். நன்றாகத் தேறியிருந்தாள். வலிப்பு மாத்திரையை மட்டும் நிறுத்தக் கூடாது என்று டாக்டர் சீட்டில் இருந்தது.

பீரோவில் கிடந்த மனு நகலை என் மகள் கவியா அவளுக்குப் படித்துக் காட்டியிருக்கிறாள். அக்கா சிரித்துக்கொண்டே வந்து கேட்டாள்.

“தம்பி, நான் செத்துட்டேன்னு எழுதியிருக்குதாம்டா. என்னா கூத்து இது?”

“இங்கிலீஷ்ல ரெண்டு வார்த்தை ஒரே மாதிரி இருக்கும்க்கா. மாறிப்போச்சு.”

“சரி, நீயே ஒண்ணு திருத்தி எழுதிக் குடு. திங்கக்கெழம மனு நாள்ல குடுத்துட்டு வரேன்.”

அடுத்த திங்கள் போகலாம் என்றேன். திருத்தினால் என் மேல் வழக்கு வரும், கவியாவின் படிப்பு நிற்கும். அக்காவுக்கே அது பொறுக்காது.

அவள் மாத்திரைகளை எடுத்துவிட்டு, அதே வெள்ளையில் சத்து மாத்திரைகளை டப்பாவில் வைத்தேன். எட்டாம் நாள் காலை அவள் கை வெட்டி வெட்டி இழுத்தது. டம்ளரைக் கீழே போட்டாள். நிலத்துக் கிணற்றில் இறங்கித் துணி அலசி வரலாம் என்று கூட்டிப் போனேன். வேலை சொன்னால் அவளுக்குச் சந்தோஷம்.

நான் வரப்பில் உட்கார்ந்திருந்தேன். தண்ணீரில் ஏதோ விழுந்த சத்தம் ஒருமுறை கேட்டது. வெயில் ஏறும்வரை அங்கேயே இருந்தேன்.

கவியாதான் உங்களிடம் வந்து சொன்னாள் என்று தெரியும். அவள்மேல் கோபமில்லை. ஒன்றை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. அக்கா என்னைக் கூப்பிடவே இல்லை. எனக்கு நீச்சல் நன்றாகத் தெரியும். கூப்பிட்டிருந்தால் இறங்கியிருப்பேன்.