ஒத்தமரத்து வளைவில் சுவர் இல்லை

“ஹலோ... ஹலோ... எம்மெல்லே அய்யாங்களா?... கேக்குதுங்கய்யா, நல்லாக் கேக்குது... நான் ராமுத்தாய் பேசுறேன், சாந்தன்பாறையிலருந்து... ஆமாங்கய்யா, ஏலக்காட்டு ராமுத்தாய். போன வருசம் பள்ளிக்கூடத்துக்குத் தமிழ் வாத்தியார் வேணும்னு பொம்பளைகளத் திரட்டிக்கிட்டு வந்தேன்ல... ஆமா, ஆமா, அவதான்.”

ராமுத்தாய் தொலைபேசியை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். நாற்பது வயதுக்குள் அவள் அதைத் தொடுவது இதுதான் முதல் தடவை. தலைகீழாகப் பிடித்ததைப் போஸ்ட் மாஸ்டர்தான் வாங்கித் திருப்பிக் கொடுத்திருந்தார். அஞ்சலகம் திறந்ததும் வந்து டிரங்க் கால் கேட்டவளுக்கு இப்போதுதான் திருவனந்தபுரம் கிடைத்தது. இன்னும் ஒரு மணி நேரத்தில் அங்கே சட்டசபை கூடிவிடும். திங்கட்கிழமை நடந்த ஜீப் விபத்தைப் பற்றி இன்றைக்குச் சபையில் பேச்சு வரும் என்று யூனியன்காரர்கள் சொல்லியிருந்தார்கள்.

“ஆமாங்கய்யா, அடக்கம் பண்ணியாச்சு. நேத்து சாயங்காலம்... ம்... ம்... நீங்க ரெண்டு வார்த்த சொன்னதே போதும். ஆனா நான் தங்கச்சிக்காகக் கூப்பிடலங்கய்யா. டிரைவர் பரீது விசயமாப் பேசணும்...”

திங்கட்கிழமை காலை, மழையில், ஏலக்காய் எடுக்கப் பெண்களை ஏற்றிக்கொண்டு போன ஜீப் ஒத்தமரத்து வளைவில் சறுக்கிப் பள்ளத்தில் விழுந்தது. நான்கு பெண்களும் டிரைவரும் போய்விட்டார்கள். நால்வரில் ஒருத்தி சின்னத்தாய், ராமுத்தாயின் ஒரே தங்கை. யார் எந்த வரிசையில் எடுப்பது என்று நிரை பிரித்துவிட முன்னாலேயே நடந்து போயிருந்த ராமுத்தாய்தான் சத்தம் கேட்டு முதலில் ஓடிவந்தவள்.

“அவரு குடிக்கலங்கய்யா... போலீசுல எழுதுனவங்க எழுதியிருப்பாங்க. அவங்களா பள்ளத்துல எறங்குனாங்க? மடியில தூக்கிப் போட்டுத் தண்ணி குடுத்தவ நானு. சாராய வாட எனக்குத் தெரியாதா? எம் புருசனோட பன்னெண்டு வருசம் குடும்பம் நடத்துனவ... ஆமா, உசுரு இருந்துச்சு. கொஞ்ச நேரந்தான் இருந்துச்சு. ‘அக்கா, டயரு வழுக்கிருச்சு, தடுக்க அங்க ஒண்ணுமே இல்ல’ன்னாரு. அம்புட்டுத்தான். அதுக்கப்புறம் பேச்சில்ல... தங்கச்சி அங்கிட்டு பொதருக்குள்ள கெடந்தது எனக்கு அப்பத் தெரியாதுங்கய்யா.”

அந்தப் பக்கத்திலிருந்து வந்த பேச்சு நீண்டது. அவளும் ‘ம்’ கொட்டிக்கொண்டே கேட்டாள். திடீரென்று அவள் முகம் மாறியது.

“என்னது?... சுவரு இருந்துமா?... அய்யா, எந்தச் சுவரு?”

மாதம் ஒருமுறை எம்.எல்.ஏ. ஒரு நோட்டீஸ் அச்சடித்துத் தொகுதி முழுக்க அனுப்புவார். என்னென்ன வேலை முடிந்தது, எந்த ஊருக்கு என்ன வந்தது என்று அதில் இருக்கும். டீக்கடை நஞ்சப்பன் அதைச் சத்தமாகப் படிப்பான். காட்டுக்குப் போகிற பெண்கள் நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். போன மாத நோட்டீஸில், பள்ளிக்கூடத்துக்குத் தமிழ் வாத்தியார் வந்தார், பூப்பாறையில் புது ரேஷன் கடை என்பவற்றோடு, ஒத்தமரத்து வளைவில் தடுப்புச் சுவர் கட்டி முடிந்தது என்றும் ஒரு வரி இருந்தது.

“கட்டலய்யா... இல்ல, பாதிகூட இல்ல. ரெண்டு லோடு கல்லக் கொண்டாந்து கொட்டிட்டுப் போனாங்க. அதுமேல புல்லு மொளச்சிருச்சு... தெனம் அந்த வழியாத்தானே போறோம், எங்களுக்குத் தெரியாதா?... நஞ்சப்பன் படிச்சப்ப நாங்க சிரிச்சோம்யா. சின்னத்தாயிதான் ரொம்பச் சிரிச்சா. ‘எம்மெல்லே கட்டுன சுவரு காத்துல கட்டுன சுவரு’ன்னா. அன்னைக்கே ஒரு கார்டு வாங்கி உங்களுக்கு எழுதிப் போட்டிருக்கணும். சிரிச்சுட்டுப் போயிட்டோம்.”

கம்பியின் இரைச்சல் மட்டும் கேட்டது. நடுவில் எக்ஸ்சேஞ்சுக் குரல் ஒன்று, லைனைத் துண்டிக்கட்டுமா என்று மலையாளத்தில் குறுக்கிட்டது.

“சாரே, முறிக்கண்டா சாரே! சம்சாரிக்குந்நுண்டு, சம்சாரிக்குந்நுண்டு... அய்யா, இருக்கீங்களா?... இஞ்சினீயர் சொன்னாரா?... சரிங்கய்யா. அம்புட்டுத் தொலவுல இருக்கீங்க, அவரு சொன்னா நம்பத்தான் செய்வீங்க. நான் உங்களக் குத்தம் சொல்லல...”

அவள் நிறுத்தினாள். தொலைபேசியை மறு காதுக்கு மாற்றிக்கொண்டு பேசினாள்.

“இல்லங்கய்யா. குத்தந்தான். நீங்க ஒரு நட வந்து பாத்திருக்கணும்.”

சொன்ன பிறகு அவளுக்கே பயம் வந்தது. ஓட்டுக் கேட்டு வந்தபோது தன் கையால் கருப்பட்டிக் காப்பி வாங்கிக் குடித்த மனுசர். வாத்தியார் கேட்டபோது மூன்றே மாதத்தில் அனுப்பியவர். அவரிடமா இப்படிப் பேசினோம்? ஆனால் அவர் கோபப்படவில்லை. என்னவோ தணிந்த குரலில் கேட்டார்.

“கைருன்னிசாவா?... பரீது சம்சாரம்... ஊட்டுக்குள்ளதான் இருக்கு. அவங்க முறைக்கு நாலு மாசம் வெளிய வரக்கூடாதாம். வந்தாலும் இங்க யாரு மொகம் குடுத்துப் பேசப் போறா? செத்த வீட்டுக்காரங்க அது வாசல்ல நின்னு மண்ண வாரித் தூத்துறாங்க. குடிகாரன் பொண்டாட்டின்னு... எங்க சனந்தாங்கய்யா... நானுந்தான். தங்கச்சியப் பாத்ததும் புத்தி பெரண்டு போச்சு. நேரா அங்க போயி, நீ நல்லா இருப்பியாடின்னு கேட்டுட்டேன்... அவரு தல எம் மடியிலதானே சாஞ்சுச்சு? தெரிஞ்சே கேட்டுட்டேன். ரெண்டு நாளாச் சோறு எறங்கல. அதுக்காகத்தான் வந்தேன்.”

...

“சபையில சொல்லுங்கய்யா. சுவரு கட்டலன்னு சொல்லணும்... விசாரண வருசக்கணக்குல நடக்கும். அதுவரைக்கும் அந்தப் பொம்பள என்ன செய்வா?... நோட்டீஸ்ல போட்டது தப்புன்னும் சொல்லணும். அது உங்க வாயால வந்தாத்தான் ஊரு நம்பும்... தெரியுதுங்கய்யா. உங்க ஆளுகளே ஏசுவாங்க. அடுத்த தடவ நிக்க விடாமக்கூடப் பண்ணுவாங்க... தெரியுது. தெரிஞ்சுதான் கேக்குறேன்.”

ராமுத்தாய் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு அவர் பேசத் தொடங்கினார். மெதுவாக, நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

“சொல்லுவீங்களா?... அப்படியேவா?... ‘நான் போய்ப் பாக்கல’ன்னா?... ம்... ம்... சரிங்கய்யா... சரிங்கய்யா.”

தோளைச் சுவரில் சாய்த்து நின்றாள்.

“பேரா?... சபையில வாசிக்கவா?... சொல்றேன், எழுதிக்கோங்க. பரீது பேர மொதல்ல போடுங்க. முப்பத்தாறு வயசு. மூணு புள்ளைக... பேச்சியம்மா, நாப்பத்தஞ்சு... ஆமா, கோவில்காட்டுப் பேச்சியம்மா. மரியபுஷ்பம், முப்பது இருக்கும். காளியம்மா, அவ சின்னப்புள்ள, பத்தொம்பது... அப்புறம்... சின்னத்தாய். ஆமாங்கய்யா, அவதான்... வயசா?”

நேற்றுக் குழியருகே நின்றபோதுகூட அவள் கண்ணில் நீர் வரவில்லை. கல் நெஞ்சுக்காரி என்று ஊர் பேசியது.

“வயசு... அய்யா, எங்காத்தா போனப்ப அவ எட்டு மாசக் கைப்புள்ள. நான்தான் இடுப்புல தூக்கிக்கிட்டுக் காட்டுக்குப் போவேன். ஏலச்செடிக்கடியில சாக்க விரிச்சுப் படுக்க வச்சிட்டு... அப்ப எனக்குப் பத்தொம்பது... இருங்கய்யா, சொல்லிர்றேன்... இந்தா சொல்லிர்றேன்...”

கணக்கு வரவில்லை. அழுகைதான் வந்தது. வாயைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அதற்குள் காதில் ‘டக்’கென்று ஒரு சத்தம். இரைச்சலும் நின்றுபோனது. போஸ்ட் மாஸ்டர் ஜன்னலுக்கு அந்தப் பக்கமிருந்து, லைன் போய்விட்டது என்று கையை ஆட்டிக் காட்டினார். ராமுத்தாய் அவரைப் பார்க்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, குரலைச் சரிசெய்துகொண்டு, வாயைத் தொலைபேசிக்குக் கிட்டத்தில் வைத்துச் சொன்னாள்.

“இருபத்திரெண்டுங்கய்யா... இருபத்திரெண்டு. எழுதிக்கிட்டீங்களா?”