தொப்பை ஏட்டு இளைத்த கதை

முதலில் அந்த வடையைச் சாப்பிடுங்கள் ஐயா, ஆறிவிட்டால் நன்றாக இருக்காது. நான் எங்கும் ஓடப்போவதில்லை.

என் பெயர் குற்றாலீஸ்வரன். தென்காசியில் பெரிய கோயிலுக்குப் பின்பக்கத் தெருவில் மாடி வீட்டில் இருக்கிறேன். இருபத்திரண்டு வருஷமாகக் குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் போடுகிறேன். 'தொப்பை ஏட்டு' வரிசையை உங்கள் பிள்ளைகள் படித்திருப்பார்கள். திருடனைத் துரத்தும்போது ஏட்டின் வயிறு முன்னால் போகும், ஏட்டு பின்னால் போவார். கடைசியில் திருடனே பாவப்பட்டு நின்றுவிடுவான். போலீஸைக் கிண்டல் செய்வதாக நினைக்க வேண்டாம்.

அந்த ஏட்டு நிஜமான ஆள். கீழ் வீட்டில் இருந்த சுடலையாண்டி அண்ணாச்சிதான், ஏட்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். மனைவி காலமாகிவிட்டாள். மகள் ஜெயசித்ராவைச் சுரண்டையில் கட்டிக்கொடுத்திருந்தார். எனக்கு ஒரு குறை உண்டு, கண்ணால் பார்க்காததை என்னால் வரைய முடியாது. பழைய படத்தைப் பார்த்து வரைந்தால் பொம்மைக்குச் சட்டை போட்டதுபோல வரும். அதனால் தினமும் காலையில் அண்ணாச்சி நாற்காலி போட்டுப் பேப்பர் படிக்கும்போது எதிரே உட்கார்ந்து வரைவேன். புத்தகம் வந்ததும் தெரு முழுக்கக் கொண்டுபோய், "ஏலே, இது நாந்தாம்லே" என்று காட்டுவார். அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். இதை முக்கியமாக எழுதிக்கொள்ளுங்கள்.

போன வருஷத் தொடக்கத்தில் அவருக்குச் சுகர் என்றார்கள். ஜெயசித்ரா ஞாயிறுதோறும் பஸ் ஏறி வந்து, ஒரு வாரத்து மாத்திரைகளை ஏழு அறை உள்ள டப்பாவில் பிரித்துப் போட்டுவிட்டுப் போவாள். சோறு குறைந்தது, நடை கூடியது. நாலு மாதத்தில் சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டது.

"பெல்ட்டுல புதுசா ரெண்டு ஓட்ட போட்டிருக்கேன், பாத்தியாடே" என்று சந்தோஷமாகக் காட்டினார். எனக்கு எரிச்சலாக இருந்தது.

பன்னிரண்டாவது புத்தகத்துக்குப் படங்கள் அனுப்பினேன். சென்னையிலிருந்து எடிட்டர் ரூபி போன் செய்தாள். "சார், ஏட்டுக்கு உடம்பு சரியில்லையா? பார்க்கவே பாவமா இருக்கார். செப்டம்பருக்குள்ள பழையபடி வரைஞ்சு குடுங்க. இல்லன்னா வரிசையை இதோட நிறுத்திக்கலாம்" என்றாள். குழந்தைகளுக்கு என் பெயர் தெரியாது ஐயா, ஏட்டைத்தான் தெரியும். ஏட்டு போய்விட்டால் நான் யார்?

மாத்திரைதான் அவரை இளைக்க வைக்கிறது என்று முடிவு செய்தேன். அந்த ஞாயிறு ஜெயசித்ரா பஸ் ஏறியதும், டப்பாவில் இருந்தவற்றை எடுத்துவிட்டு அதே அளவில் வெள்ளைக் கால்சியம் மாத்திரைகளைப் போட்டேன். அசல் மாத்திரைக்கு நடுவில் ஒரு கோடு உண்டு, இதற்கு இல்லை. பென்சில் சீவும் பிளேடால் ஒவ்வொன்றிலும் கோடு கீறினேன். பிறகு வாராவாரம் அப்படியே செய்தேன். கால்சியம் அந்த வயதில் எலும்புக்கு நல்லது.

அதற்குள் சீசன் தொடங்கிவிட்டது. அண்ணாச்சியைத் தினமும் ஸ்கூட்டரில் ஐந்தருவிக்குக் கூட்டிப்போனேன். எண்ணெய் தேய்த்து அருவியில் நின்றுவிட்டு வந்தால் என்ன பசி பசிக்கும் என்று உங்களுக்கே தெரியும். அங்கிருந்து புளியறைப் பக்கம் போய்ப் பரோட்டாவும் கோழியும் வாங்கிக் கொடுத்தேன்.

முதல் நாள் தயங்கினார். "சித்ராவுக்குத் தெரிஞ்சா என்னையக் கொன்னே போட்டுருவாடே."

"அருவித் தண்ணி அம்புட்டும் மூலிகை அண்ணாச்சி. குளிச்சுட்டு எதத் தின்னாலும் சுகர் ஏறாது" என்றேன்.

நான் புதிதாகச் சொன்னதல்ல. இந்தப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் அருவித் தண்ணீர் எதையும் குணமாக்கும் என்பார்கள். அண்ணாச்சியும் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்தான். "அதுஞ் சரிதாம்லே" என்று இன்னொரு பரோட்டாவுக்கு இலையைத் தள்ளினார். ஒரு மாதத்தில் தொப்பை திரும்பிவிட்டது. ஒன்பது படம் முடித்தேன். அவ்வளவு நல்ல படங்களை நான் அதற்கு முன் வரைந்ததில்லை.

அதன் பிறகு நான் எதிர்பார்க்காதது நடந்தது. தின்னத் தின்ன இளைத்தார். சுகர் மிஞ்சினால் உடம்பு உருகிவிடும் என்று இப்போது டாக்டர்கள் சொல்கிறார்கள். யாராவது முன்பே சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரிந்தவரை அளவைக் கூட்டினேன். பலாச்சுளை, மாம்பழம், ரம்புட்டான் என்று எது கிடைத்தாலும் வாங்கிக் கொடுத்தேன்.

ஆகஸ்டில் ஐந்தருவிப் பாறையில் வலது கால் பெருவிரல் இடித்துக்கொண்டது. சின்னக் காயம், ஆனால் ஆறவில்லை. "அருவித் தண்ணி பட்டா ஆறிரும்லே" என்று இந்தத் தடவை அவரே சொன்னார். நான் மறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அவருக்குச் சாக்ஸ் மாட்டிவிட்டேன்.

"என்னப்பா, வீட்டுக்குள்ள என்னத்துக்குச் சாக்ஸு?" என்று ஜெயசித்ரா கேட்டாள்.

"குளுருதும்மா" என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அருவியும் பரோட்டாவும் நின்றுவிடுமே என்று அவருக்குப் பயம்.

விரல் கறுத்தது. அதையும் தினமும் வரைந்தேன். உங்கள் மேசையில் இருக்கும் நோட்டில் பத்தொன்பது படம் இருக்கிறது, தேதியோடு. வெறும் கறுப்பு போட்டால் அந்த நிறம் வராது, கொஞ்சம் ஊதா கலக்க வேண்டும். நோட்டையும் டப்பாவையும் ஜெயசித்ராதான் உங்களிடம் கொடுத்திருப்பாள். மாத்திரைக் கோடுகள் ஒன்றுபோல் இல்லை என்று கண்டுபிடித்தவளும் அவள்தான். கையால் செய்தால் அப்படித்தான் இருக்கும்.

பத்து நாள் முன்னால் கொண்டுவந்திருந்தால் பாதத்தை மட்டும் எடுத்துவிட்டு ஆளைக் காப்பாற்றியிருப்போம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அது எனக்கு முன்பே தெரியும். மருந்துக் கடை துல்கர்னைன் பாயிடம் படத்தைக் காட்டிக் கேட்டிருந்தேன். "இன்னைக்கே கூட்டிட்டுப் போங்க, காலை எடுக்க வேண்டியிருக்கும்" என்றார். வீட்டுக்கு வந்து உட்கார்ந்து யோசித்தேன். ஒரு கால் இல்லாத ஏட்டு எப்படித் திருடனைத் துரத்துவார்? முகத்தில் மட்டும் இன்னும் கொஞ்சம் சதை இருந்தது. மூன்று படம் பாக்கி இருந்தது, மூன்றிலும் முகம் மட்டும்தான்.

மூன்றும் முடிந்த அன்று மத்தியானமே ஆட்டோ பிடித்துவிட்டேன். தாமதம் செய்யவில்லை. மூன்றாம் நாள் இறந்தார்.

"எங்கப்பா உங்கள என்ன செஞ்சாரு அண்ணே?" என்று ஜெயசித்ரா கேட்டாள். அவர் ஒன்றுமே செய்யவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான்.

கொன்றேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லை அடித்துவிட வேண்டாம், இருக்கட்டும். மாத்திரையை மாற்றியதும், காலை மறைத்ததும், தெரிந்தே பத்து நாள் காத்திருந்ததும் நான்தான். ஆனால் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள், போன வாரம்தான் வந்தது. முதல் பக்கத்தில் 'சுடலையாண்டி அண்ணாச்சிக்கு, அன்புடன்' என்று போட்டிருக்கிறேன். அதில் அவர் எங்காவது இளைத்திருக்கிறாரா? அவரை நான்தான் காப்பாற்றி வைத்திருக்கிறேன்.

கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். வடை அப்படியே இருக்கிறதே. உங்களுக்கும் சுகரா? ஒரு வடையில் ஒன்றும் ஆகிவிடாது ஐயா. கொஞ்சம் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து சாப்பிடுங்கள், வயிற்றில் வெளிச்சம் படட்டும்.