பெட்டிக்குப் பின்னால் இரண்டு கம்பிகள்

குளிர் நாளில் வெந்நீர்க் குளியல் மாதிரிச் சுகம் வேறு கிடையாது, இன்ஸ்பெக்டர் ஐயா. அதில் துரைக்கும் எனக்கும் ஒரே கருத்து.

என் பேர் சங்கிலி. சிலோன் தோட்டத்தில் வயர்மேன். கப்பலேறி இந்தக் கோத்தகிரிப் பக்கம் வந்த பிறகும் அதே வேலை. தேயிலை பாக்டரியை நாங்கள் ஸ்டோர் என்போம். ஸ்டோருக்கும் மேட்டிலுள்ள துரை பங்களாவுக்கும் நடுவே நான்தான். லீவோ புகாரோ, என் வாய் வழியாகத்தான் துரை காதுக்குப் போகும். யாருக்கும் குறை இருந்ததில்லை. இருந்தாலும் துரை காதுக்குப் போனதில்லை.

ஸ்டோரில் தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கர் ராஜரத்தினம்தான் துரையிடம் சொல்லி, பங்களாவிலிருந்தே சூட்டைக் கூட்டிக் குறைக்கும் ஒரு கன்ட்ரோல் பெட்டியை வரவழைத்தான். "இனிமே சங்கிலி மூஞ்சியப் பாத்துக் கெஞ்ச வேண்டியதில்லீங்க" என்று ஸ்டோரில் எல்லார் முன்னாலும் சிரித்தான்.

பெங்களூர் எஞ்சினியர் பெட்டியை ஸ்டோரில் மாட்டினார். பங்களாவில் இரண்டு குமிழ். ஒன்று தேயிலையை உலர்த்தும் டிரையருக்கு. இன்னொன்று, துரை ஆசைப்பட்டதால், அவர் குளியலறை வெந்நீருக்கு. குமிழ் எந்த இயந்திரத்தோடும் நேரே பேசாது. பெட்டியிடம் சொல்லும். பெட்டி தன் பின்னாலுள்ள கம்பி வழியாகச் சொல்லும். எந்தக் கம்பியின் முனையில் என்ன இருக்கிறதென்று பெட்டிக்குத் தானாகத் தெரியாது, யாராவது சொல்லித் தரவேண்டும். கம்பி இழுத்தவன் நான்.

"முதல் கம்பி எதுக்குப்பா?"

"வெந்நீருக்குங்க."

"ரெண்டாவது?"

"டிரையருக்குங்க."

எஞ்சினியர் பெட்டியில் அப்படியே தட்டிக்கொண்டார். மாற்றிச் சொன்னேன், அவ்வளவுதான். இரண்டு குமிழும் ஐந்திலேயே நின்றவரை வித்தியாசம் தெரியவில்லை.

மார்கழிப் பனியில் துரை வெந்நீர்க் குமிழை ஏழுக்குத் திருப்பினார்.

"என்ன சங்கிலி, தண்ணி சூடே ஏறல?"

"இன்னும் கொஞ்சம் கூட்டிப் பாருங்க தொர."

கூட்டினார். கீழே தேயிலை கருகியது.

ராஜரத்தினம் மேட்டுக்கு ஓடிவந்தான். "நான் எதையும் தொடலீங்க. சூடு தானா ஏறுதுங்க." துரை குமிழைப் பார்த்தார். டிரையர் ஐந்தில் நின்றது. "பெட்டி பொய் சொல்லுமாய்யா?" என்றார். அவனுக்கு வேலையும் போயிற்று, குடியிருந்த குவார்ட்டர்ஸும் போயிற்று. லாரியில் சாமான் ஏற்ற நான்தான் கைகொடுத்தேன். "நீங்களாச்சும் தொரைகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணா" என்று அவன் மனைவி புஷ்பவல்லி அழுதாள். சொல்கிறேன் என்றேன்.

வெந்நீர்க் குமிழை நானே பழையபடி ஐந்துக்குத் திருப்பி வைத்தேன். பிறகு ஒரு நாள் மழையில் நனைந்த கொழுந்து வந்தது. புது டீமேக்கர் கூடுதல் சூடு கேட்டான். அந்தச் சேதியை நானே மேலே கொண்டுபோனேன். துரை டிரையர் குமிழைக் கடைசிவரை திருப்பினார். சாவகாசமாகச் சவரம் செய்துகொண்டார். துண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நான் வராந்தாவில் நின்றேன். ஷவர் திறந்த சத்தம் கேட்டது. அப்புறம் இன்னொரு சத்தம்.

ஆஸ்பத்திரியில் துரைக்கு இப்போது வாய் திறக்க முடியவில்லை. கண்ஜாடையில் கேட்பதை நான்தான் டாக்டருக்கு எடுத்துச் சொல்கிறேன். என் மேல் அவருக்குப் புகார் எதுவும் இல்லையாம், ஐயா. அவரே சொல்லச் சொன்னார்.