பாட்டு ரூம் கதவு

— “குழந்தைகளின் பாதுகாப்பே எமது உயிர்மூச்சு! இப்பள்ளியின் கதவுகள் அனைத்தும் எந்நேரமும் திறந்தே இருக்கும்!”... எப்படி டீச்சர்? ஒரு தலைமையாசிரியர் பேசற மாதிரி இருக்கா? இந்த இடத்துல கைத்தட்டு வருமில்ல?

— பாட்டு ரூம் சாத்தியிருக்கு சார்.

— நான் பேச்சைப் பத்திக் கேட்டேன்.

— நான் ஒரு குழந்தையைப் பத்திச் சொல்ல வந்தேன். என் ஆறாம் வகுப்புல ‘வாயாடி’ன்னு ஒருத்தி...

— அவளா! ஆண்டு விழாவுல மைக்கைக் கொடுத்துட்டுத் திரும்ப வாங்க நான் பட்ட பாடு...

— இப்ப அவ வாயே தொறக்கறதில்ல சார். பாட்டு வகுப்பு வந்தா வயித்துவலின்னு சுருண்டுக்கறா. இன்னிக்குப் பக்கத்துல உட்கார்ந்து கேட்டேன். சொல்லிட்டா.

— என்னன்னு?

— பாட்டு மாஸ்டர் அவளை மட்டும் தனியா நிறுத்திக்கிறாராம். தொடறாராம். வெளிய சொன்னா பாட்டுக் குழுவுலேருந்து எடுத்துடுவேன்னு...

— மெதுவா பேசுங்க. அவர் எத்தனை வருஷமா இருக்கார்! பரம சாது. ஒரு ஈ எறும்புக்குக்கூட...

— ஈ எறும்பு வந்து அழல சார். குழந்தை அழுதது.

— சரி, சரி... அவளைக் கூப்பிடுங்க. மாஸ்டரையும் கூப்பிடுவோம். ரெண்டு பேரையும் எதிரெதிரா நிக்க வெச்சு நானே விசாரிச்சுடறேன்.

— ஐயோ, அது மட்டும் வேண்டாம். ஒரு தடவை சொல்றதுக்கே அவளுக்கு உயிர் போய் உயிர் வந்துது. இனிமே கேட்கத் தெரிஞ்சவங்க கேட்கட்டும்.

— அப்ப வெள்ளிக்கிழமை கருத்தரங்கு முடியட்டும். தலைப்பே குழந்தைப் பாதுகாப்பு! அந்த நேரத்துல போய் அசிங்கமா...

— நாளைக்கே பாட்டு வகுப்பு இருக்கு சார். மத்தப் பொண்ணுங்களும் அந்த ரூமுக்குத்தான் போகணும்.

— கழுத்துல கத்தி வெச்ச மாதிரி பேசறீங்களே! யார்கிட்டயும் மூச்சு விடலையே?

— யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு அவகிட்ட நான் வாக்குக் கொடுக்கல. உனக்கு உதவி பண்றவங்ககிட்ட சொல்லுவேன்னுதான் சொன்னேன். அவ அம்மா வந்துட்டாங்க. ரெண்டு பேருமா குழந்தைகள் உதவி எண்ணுக்குப் போன் பண்ணிட்டோம்.

— என்னைக் கேட்காமயா!

— கேட்டிருந்தா வெள்ளிக்கிழமைன்னு சொல்லியிருப்பீங்க. குழந்தைகள் பாதுகாப்பு அதிகாரி வந்துக்கிட்டிருக்காங்க. மாஸ்டர் இப்பலேருந்து எந்தப் பிள்ளைகிட்டயும் போகக் கூடாது. அதை நீங்கதான் சொல்லணும்.

— சொல்றேன்... சொல்றேன். அவங்க வந்து என்ன கேட்பாங்க?

— மொதல்ல கதவைத்தான் கேட்பாங்க. தொறந்து வைக்கணும்னு விதி போட்டதே நீங்க. அந்த ரூம் மட்டும் ஏன் சாத்தியிருக்கு? கதவுக் கண்ணாடியில எதுக்கு அட்டை? மாஸ்டரே ஒட்டிக்கிட்டாரா?

— இல்ல...

— பின்ன யாரு?

— ரெண்டுமே நான்தான் செய்யச் சொன்னேன்.

— நீங்களா? எதுக்கு சார்?

— கதவு வழியா, கண்ணாடி வழியா பாட்டுச் சத்தம் இந்த ரூம் வரைக்கும் வருது. மத்தியானம் சாப்பிட்டதும் நான் தூங்குவேன் டீச்சர்.