இடது பக்க விளக்கு

நான் சத்தமாகப் பேசுவதைக் கோபம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வருடக்கணக்கில் இன்ஜின் பக்கத்தில் நின்றவர்கள் எல்லோருக்கும் குரல் இப்படித்தான் ஆகிவிடும். வீட்டில் என் தங்கைகூட, "மெதுவா பேசுக்கா, பக்கத்துலதானே இருக்கேன்" என்பாள்.

அவள் விமானி. நான் அதே கம்பெனியில் புரொப்பெல்லர் பார்க்கும் டெக்னீஷியன். அம்மா போனபிறகு அவளைப் படிக்கவைத்து ஆளாக்கியது நான்தான். அதைச் சொல்லிக்காட்டும் பழக்கம் எனக்குக் கிடையாது.

அந்த விளக்கைப் பற்றிக் கேட்டீர்கள். புரொப்பெல்லரின் பிளேடுகள் ஒரே கோணத்தில் நிற்பவை அல்ல. பறக்கும்போது காற்றைக் கடித்து இழுக்கிற மாதிரி சாய்ந்திருக்கும். தரையில் இறங்கியதும் தட்டையாகத் திரும்பி வேகத்தைக் குறைக்கும். எந்தக் கோணத்தில் நிற்கின்றன என்று பார்க்க, பின்னால் சுழலும் வளையத்துக்கு எதிரில் ஒரு சின்ன சென்சார் இருக்கிறது. நடுவானில் பிளேடு தட்டையாகப் போனால் அந்தப் பக்கம் முழுக்க பிரேக் பிடித்த மாதிரி ஆகிவிடும். அதற்கு முன்பே விமானியின் எதிரில் மஞ்சள் விளக்கு எரியும். உடனே அந்த இன்ஜினை நிறுத்தி, பிளேடைக் காற்றுக்கு ஒருக்களித்துத் திருப்பிவிட்டு, இன்னொரு இன்ஜினில் திரும்பிவர வேண்டும்.

சென்சாருக்கும் வளையத்துக்கும் நடுவில் நகக்கனம்தான் இடைவெளி. ஒரு மெல்லிய வாஷரைச் செருகினால் இடைவெளி கூடும். மேலே போய்க் குளிர் ஏறியதும் சிக்னல் பலவீனமாகி, காரணமே இல்லாமல் விளக்கு எரியும். நான் அதைத்தான் செய்தேன். தங்கை ஓட்டும் நாட்களில் மட்டும்.

அவள் அப்போது கல்யாணமாகி, நகரத்தின் மறுகோடியில் தனி வீடு பார்த்துக்கொண்டு போயிருந்தாள். நான் கூப்பிட்டால் போனை எடுப்பாள், "அப்புறம் பேசறேன்" என்பாள். அந்த அப்புறம் வராது. ஆனால் விளக்கு எரிந்தால் பட்டறை ரேடியோவில் முதலில் என்னைத்தான் தேடுவாள். "அக்கா, இடது பக்க விளக்கு எரியுது." எல்லோருக்கும் கேட்கும் என்ற கூச்சம்கூட இல்லாமல் அக்கா என்பாள். என்ன செய்ய வேண்டும் என்று நான் நிதானமாகச் சொல்வேன். அவள் இறங்கி வந்து, கவிழ்த்த மரப்பெட்டியில் உட்கார்ந்து டீ குடித்தபடி நான் வேலை செய்வதைப் பார்ப்பாள். புருஷனோடு சரியில்லை என்பதை அங்கேதான் சொன்னாள். சின்ன வயதில் போலவே மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்.

நான் வாஷரை எடுத்துவிட்டு, "ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கு" என்பேன். அந்த நேரத்தில் அது உண்மையும்கூட.

பின்னால் உட்கார்ந்திருந்த பயணிகளைப் பற்றியும் கேட்டீர்கள். அவர்களை எனக்குப் பழக்கமில்லை.

கொஞ்ச நாளில் அவள் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். விமானத்தில் இருக்கும் கருவியின் பதிவைப் பார்த்தால் விளக்கு எரிந்திருக்கிறது. அவளோ வாயே திறக்காமல் போய்விட்டு வந்திருக்கிறாள். கேட்டதற்கு, "நீதானே ஒண்ணுமில்லன்ன. அது சும்மா எரியற விளக்கு" என்று சிரித்தாள். மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. வாஷரை எடுத்துத் தூரப் போட்டேன். சென்சாரை அளவு பார்த்துச் சரியாக வைத்தேன். விபத்து நடந்த அன்று அந்த சென்சாரில் ஒரு குறையும் இல்லை. உங்கள் நிபுணரும் அதை ஒத்துக்கொண்டிருக்கிறார்.

அன்று காலை பிளேடைக் கையால் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். அசையக் கூடாது. அசைந்தது. உள்ளே அதன் கோணத்தைப் பிடித்துவைக்கும் பாகம் தேய்ந்து போயிருந்தது. சூப்பர்வைசர் வந்து, "என்னம்மா, அனுப்பலாமா?" என்று கேட்டார்.

"தாராளமா அனுப்பலாம் சார்" என்றேன்.

நீங்கள் நினைப்பது போல அவளைக் கொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. இந்தத் தடவை விளக்கு உண்மையாகவே எரியும். பிளேடு ஆட்டம் காண்பது விமானத்தை ஓட்டுகிறவளுக்குக் கையிலேயே தெரியும். பயந்துபோய்க் கூப்பிடுவாள். நான் சொல்வேன், அவள் செய்வாள், பத்திரமாக இறங்குவாள். அக்கா இல்லாமல் முடியாது என்று அவளுக்கே புரியும். அதற்காகத்தான் அனுப்பினேன். நாற்காலியை ரேடியோ பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை.

விமானத்திலிருந்து எடுத்த ஒலிப்பதிவை நீங்கள் எனக்குப் போட்டுக் காட்டினீர்கள். துணை விமானி, "மேடம், இடது பக்க விளக்கு" என்கிறார். அவள் சாவகாசமாக, "விடுங்க, அது எங்கக்காவோட விளக்கு. அவங்கள மாதிரியே, சும்மா சும்மா பதறும்" என்கிறாள். இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். அதற்குப் பிறகும் நேரம் இருந்திருக்கிறது. விமானம் ஒரு பக்கமாக இழுக்கத் தொடங்கியபின் அவள் துணை விமானியைக் கூப்பிடுகிறாள், கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிடுகிறாள், கடைசியில் அம்மாவைக்கூடக் கூப்பிடுகிறாள். பதிவை இரண்டாம் தடவை போடச் சொன்னது அதற்காகத்தான். எங்கேயாவது என்னைக் கூப்பிடுகிறாளா என்று பார்த்தேன்.

விஷயம் தெரிந்த நீங்களே ரேடியோவில் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே என்று உங்களோடு விசாரிக்க வந்த இந்த அதிகாரி அம்மா கேட்கிறார்கள். ரேடியோ என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. பொத்தானின்மேல் விரலும் வைத்திருந்தேன். ஆனால் ஒன்று சொல்லுங்கள், எத்தனை நாளைக்குத்தான் நானே முதலில் கூப்பிட்டுக்கொண்டிருப்பது?